மாஸ்டர் அமுதன் ஏறிய ஒரே மேடை

வேலூரில் ஒரு சினிமா தியேட்டரின் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். காலைக் காட்சி முடிந்து கூட்டம் போன பிறகு, மேட்னிக்கு மணி அடிப்பதற்குள் விழாவை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று தியேட்டர்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மைக்கை ஊதி ஊதிப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியும் எலிப் புழுக்கையும் நானும்.

என் உடம்பில் அரை டிராயர், முழுக்கைச் சட்டை, கழுத்தில் சிவப்பு போ டை. தலையில் ஒரு தொப்பி. அந்தத் தொப்பிக்குள் என் முடியைத் திணித்துக்கொண்டிருந்தார் சினிமாக் கம்பெனி மேனேஜர் ஏகாம்பரம்.

“காது வரைக்கும் வளத்து வெச்சிருக்கியே. நாளைக்குக் காலைல ஆள் வந்து வெட்டிடுவான். இப்போ வணக்கம் சொல்லு, கேடயத்த வாங்கு, ரெண்டு வார்த்தை பேசு, எறங்கி வந்துடு. தொப்பிய மட்டும் எடுத்துடாத.”

தலையாட்டினேன். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சினிமாவிலும் டெலிவிஷனிலும் நடித்த நாலு குழந்தைகளுக்கு அன்று பாராட்டு விழா. சிறந்த பையன் நடிகருக்கான கேடயம் எனக்கு. அதில் ‘மாஸ்டர் அமுதன்’ என்று பொறித்திருந்தார்கள். என் பெயர் அமுதா.

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்கள் என்னைக் கணக்கு டீச்சராகத்தான் அறிவார்கள். சினிமாவில் நடித்திருக்கிறேன் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. நான் பையனாக நடித்தேன், அதற்குப் பரிசும் வாங்கினேன் என்றால் எழுந்தே போய்விடுகிறார்கள். போகட்டும். நீங்களாவது உட்காருங்கள்.

மொட்டையால் வந்த வேஷம்

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டைஃபாய்டு. நான் பிழைத்தால் திருப்பதியில் முடி கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். மொட்டை போட்டு, முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்த சமயத்தில் ஆம்பூர் பாலாற்று மணலில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

ஊரே ஆற்றில்தான் இருந்தது. நானும் பெரியப்பா மகனுடைய டிராயர் ஒன்றை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். கதாநாயகனின் சின்ன வயசுப் பையனாக நடிக்க மெட்ராஸிலிருந்து கூட்டி வந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. வேறு பையனைத் தேடி அலைந்துகொண்டிருந்த ஏகாம்பரம் என் தோளைப் பிடித்தார்.

“டேய், அந்த மேட்டுலேருந்து இங்க ஓடியா பாக்கலாம்.”

ஓடினேன். விழச் சொன்னார், விழுந்தேன். அழச் சொன்னார், அது எனக்குக் கை வந்த கலை. நீ பையனா பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் விஷயம் தெரிந்து, ஷூ கம்பெனியில் மேஸ்திரியாக இருந்த அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், அது பொண்ணு சார்.”

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏற்கெனவே எடுத்தாச்சு. நாலு சீன்தானே மேஸ்திரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

அப்பாவுக்கு வாயில் வராத ஒரே வார்த்தை ‘முடியாது’. யாராவது குடை கேட்டால் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருகிற ஆள். சரி என்றார். அந்த நாலு சீன் பதினொரு மாதம் ஆயிற்று.

ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. விசில் அடிக்கக் கற்றுக்கொண்டேன். காலை அகட்டி நின்றேன். பத்து நாளுக்கு ஒரு தரம் கம்பெனியின் முடிவெட்டுகிறவர் வீட்டுக்கே வந்து கழுத்தில் துணியைக் கட்டிவிடுவார். கத்தரி பின்னங்கழுத்தில் படும்போது ஜில்லென்று இருக்கும். ஐந்தாறு தரம் ஆன பிறகு அந்தக் கத்தரியைக் கண்டாலே கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்தேன்.

தெரு காத்த ரகசியம்

படம் ஓடி முடிகிற வரை நான் பெண் என்று வெளியே தெரியக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. பையன் அழுதால் ஜனங்கள் உருகுவார்களாம், அது பெண் என்று தெரிந்தால் சிரித்துவிடுவார்களாம். இதை யார் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் தெரு ரகசியத்தைக் காத்த அழகு இருக்கிறதே. ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்து அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்லிவிடுகிற தெரு அது. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு வாய் திறக்கவில்லை. படம் ஆம்பூருக்கு வந்தபோது மொத்தத் தெருவும் முதல் ஆட்டத்துக்குப் போய், திரையில் என்னைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, வெளியே வந்து “யாரோ மெட்ராஸ் பையனாம், நல்லா பண்ணிருக்கான்” என்று சொல்லிக்கொண்டது.

எதிர் வீட்டு நூர்ஜஹான் என் தோஸ்த். அவளுடைய அம்மா மட்டும் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னா பேட்டா, இன்னும் எவ்ளோ நாளைக்கு இப்படி?” என்று கேட்டார்.

அதற்குள் நூர்ஜஹான் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் ஆறாவதைப் பாதியில் விட்டவள். காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். நான் டிராயரோடு வாசலில் நின்று பார்ப்பேன். பெண்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளக் கூச்சப்பட்டார்கள், பையன்கள் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் கண்ணாடியில் பார்த்தபோது மாஸ்டர் அமுதன்தான் தெரிந்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

படம் முடிந்தது, தொலைந்தது என்று முடி வளர்க்க ஆரம்பித்தேன். அது காதைத் தொட்ட நேரத்தில் ஏகாம்பரம் மறுபடி வந்தார். அடுத்த படம். அதில் பையன்தான் முக்கிய வேஷம். ஒன்றரை வருஷ வேலை. வேலூரில் குழந்தை நடிகர்களுக்கு விழா எடுக்கிறார்கள், அந்த மேடையிலேயே புரொடியூசர் அறிவிப்பார், மறுநாள் திங்கட்கிழமை முடிவெட்டுகிறவர் வருவார்.

அப்பா வழக்கம்போல் சரி என்றார்.

ஏகாம்பரம் போன பிறகு அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். “பொண்ணு பெரிசாவுற வயசுங்க. போதும்னு சொன்னா இன்னா?”

“வாக்குக் குடுத்துட்டேனே. இப்போ போய் எப்படி மாத்தறது?”

அவ்வளவுதான் பேச்சு. நான் பாயில் படுத்துக்கொண்டு கேட்டேன். அந்தத் திங்கட்கிழமை வரக் கூடாது, கத்தரி என் கழுத்துக்கு வரக் கூடாது, நூர்ஜஹானோடு நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் பேச்சு என்பது, ஷூ தைக்க என் காலை அளவெடுக்கும்போது ‘காலை அசைக்காத’ என்று அவர் சொல்வதோடு முடிந்துவிடும்.

நாலு ஜோடி ஷூ

அப்பா வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட ஒரே ஒரு ஜோடி செய்வார்களே, அதைச் செய்கிறவர். அதில் ஒரு தையல் பிசகினாலும் ஆர்டர் போய்விடும். அதனால் அந்த செக்‌ஷனில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு அளவுக்கும் காலைப் போலச் செதுக்கிய மரக்கட்டை. ஜோடி முடிந்ததும் உள்ளே பாதம் படுகிற இடத்தில் அது யாருக்கு என்று பேனாவால் எழுதிவிட வேண்டும். எழுதாத ஜோடி அந்த அறையை விட்டு வெளியே போகாது.

என் காலுக்கும் அங்கே ஒரு கட்டை இருந்தது. அப்பா செதுக்கியது. வருஷா வருஷம் மேலே துண்டுத் தோல் ஒட்டி அளவைக் கூட்டிக்கொண்டே வருவார்.

விழாக்காரர்கள் ஷூ கம்பெனியிடம் பரிசு கேட்டார்கள். கம்பெனியும் நாலு ஜோடி தருகிறோம், ஆனால் மேடையிலேயே பெட்டியைப் பிரித்து, குழந்தைகளுக்கு மாட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஓசியில் விளம்பரம். வேலை அப்பாவின் கைக்கு வந்தது.

மேல்பாகத் தோலை அப்பர் என்பார்கள். அதைக் கையால் தைக்கிற வேலையை எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டிலேயே செய்வார்கள். அம்மா மடியில் எந்நேரமும் ஏதாவது ஒரு அப்பர் கிடக்கும். இந்த நாலு ஜோடிக்கும் அவள்தான் தைத்தாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கவலை எனக்கு.

மேட்னிக்கு முன்னால்

விழாவுக்குத் தலைமை, ஒரு தோல் மண்டிக்காரர். சிறப்பு விருந்தினர், படங்களில் மருமகளைக் கொடுமை செய்கிற மாமியாராகவே வருகிற ஒரு நடிகை. அவர் மேடையேறியதும் முன்வரிசைப் பெண்கள் பழக்க தோஷத்தில் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மாவோ கும்பிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

முதல் பரிசு சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு. டெலிவிஷனில் குழந்தைகள் நிகழ்ச்சியில் கதை சொல்கிறவள். எங்கள் தெருவில் டி.வி. இருந்தது ஒரே ஒரு வீட்டில். அதிலும் மெட்ராஸ் நிலையம் பாதி நேரம் மழை பெய்கிற மாதிரிதான் தெரியும். அதனால் அந்தப் பெண்ணை நாங்கள் குரலால் மட்டும் அறிந்திருந்தோம். கேடயம் கொடுத்தார்கள், பெட்டியைப் பிரித்தார்கள், வார் வைத்த சிவப்பு ஷூவை மாட்டிவிட்டார்கள். அவள் குதித்துக் காட்டினாள். கைதட்டல்.

அடுத்த இரண்டு பேரும் பையன்கள். லேஸ் கட்டுகிற ஷூ. கைதட்டல்.

“அடுத்து, மாஸ்டர் அமுதன்.”

நான் போனேன். விசில் பறந்தது. மண்டிக்காரர் கேடயத்தைக் கொடுத்தார், கனமாக இருந்தது. முன்வரிசையில் புரொடியூசர் அறிவிப்புக்குத் தயாராகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் கண்ணால் அப்பாவைத் தேடினேன். பக்கவாட்டுக் கதவோரம், கம்பெனிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு நின்றிருந்தார்.

மாமியார் நடிகை நாலாவது பெட்டியைப் பிரித்தார். மெல்லிய காகிதத்தை விலக்கி ஒரு ஷூவை எடுத்தார்.

கறுப்புத் தோல். பெண் பிள்ளைகள் ஷூவைப் போலக் குறுக்கே ஒரு வார், அதன் முனையில் வெள்ளிப் பக்கிள். விரல் பக்கம் பூப்பூவாகத் துளை போட்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

“பெட்டி மாறிடுச்சு போலிருக்கே” என்றார் நடிகை. மைக் பக்கத்தில் இருந்ததால் அது அரங்கம் பூராவும் கேட்டது.

எல்லோரும் சத்துவாச்சாரிப் பெண்ணின் காலைப் பார்த்தார்கள். அவள் தன்னுடையதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி மூடியைத் திருப்பினார்கள். மாஸ்டர் அமுதன் என்றுதான் இருந்தது.

ஏகாம்பரம் ஓடி வந்தார். “ஒண்ணுமில்லம்மா, ஏதோ தப்பு நடந்துபோச்சு. அப்படியே மூடிக் குடுத்துடுங்க.”

அந்த அம்மா காதில் வாங்கவில்லை. ஷூவைத் திருப்பி உள்ளே பார்த்தார். “பேனால பேர் எழுதியிருக்கே. அமுதா.” நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். “யாரும்மா இங்க அமுதா?”

பதினாலு மாதமாக வெளியாள் யாரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதாக. நான் அப்பாவைப் பார்த்தேன். எப்போதும் தரையைப் பார்க்கிற மனுஷன், அன்றைக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல் கையைத் தூக்கினேன்.

“நான்தாங்க.”

தொப்பியையும் எடுத்துவிட்டேன். திணித்து வைத்திருந்த முடி காதில் விழுந்தது.

அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எந்தப் படத்திலும் அவரை அப்படிச் சிரிக்க விட்டதில்லை. “அட கள்ளி. பொண்ணா நீ? படத்த ரெண்டு தரம் பாத்தேனே, என்னையே ஏமாத்திட்டியே” என்று சொல்லிக்கொண்டே, பட்டுப் புடவையோடு மேடையில் மண்டியிட்டு, எனக்கு அந்த ஷூவை மாட்டிப் பக்கிளையும் போட்டுவிட்டார். அளவு கச்சிதமாக இருந்தது. கூட்டம் எழுந்து தட்டியது. பையன் என்றால்தான் உருகுவார்கள் என்று கண்டுபிடித்தவர்கள் அன்றைக்கு வேலூருக்கு வந்திருக்க வேண்டும்.

தியேட்டர்காரர் மேட்னிக்கு மணியை அடித்தார். புரொடியூசரின் அறிவிப்பு அவர் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

கை பழக்கம்

சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஏகாம்பரம் எங்களைப் பிடித்தார்.

“இன்னா மேஸ்திரி, இப்படிக் கவுத்துட்டியே. நாளைக்கு ஜில்லா பூரா பேசும். இனிமே இவளப் பையன்னு எவன் நம்புவான்? புரொடியூசர் வேற பையனப் பாக்கச் சொல்லிட்டார்.”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “மன்னிச்சுக்கங்க சார். கை பழக்கம். அவ கட்டைய எடுத்து வெச்சதும் கை பாட்டுக்கு வார் போட்டுச்சு, பேரையும் எழுதிடுச்சு. நான் குடுத்த வாக்கு அப்படியேதான் சார் இருக்குது. நீங்க வேணாங்கறீங்க, சரி.”

ஏகாம்பரம் தொப்பியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்.

பதினாலு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய்விட்டான். தப்பு செய்துவிட்டோமே என்று அப்பா வருத்தப்படுவாரோ என்ற பயம் மட்டும் ஒரு ஓரத்தில் இருந்தது.

பஸ்ஸில்

ஆம்பூர் பஸ்ஸில் மூவருக்கும் இடம் கிடைத்தது. அப்பா ஜன்னலோரம், நான் நடுவில். அம்மா கேடயத்தைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டுகிற வரை நான் புது ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

“காலையில சீக்கிரம் எழுந்திரு” என்றாள் அம்மா. “ஸ்கூலுக்குப் போவணும்.”

“சேத்துப்பாங்களாம்மா?”

“சேத்தாச்சு. வெள்ளிக்கிழமையே போய் எச்.எம். கிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நூரு கூடவே போ.”

வெள்ளிக்கிழமை. நான் மனசுக்குள் நாட்களை எண்ணினேன். விழா ஞாயிற்றுக்கிழமை. அப்பா பெட்டி கட்டியது சனிக்கிழமை.

“அந்த ஷூவோட வார யாரும்மா தெச்சது?”

“வேற யாரு தெப்பாங்க? நான்தான்.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தை மும்முரமாகப் பார்த்தார். ஒரு தையல் பிசகாத சாம்பிள் செக்‌ஷன் மேஸ்திரிக்குக் கை தவறவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாக்கை மீற மனசு வராமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ‘முடியாது’ என்பதைத் தோலில் தைத்துக் கொடுத்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. எத்தனை நாள் தூங்காமல் புரண்டிருப்பேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? நான் எப்படிப் பயந்தேன் தெரியுமா?”

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். நீ இன்னா அவ்ளோ பெரிய நடிகையா?”

மடியில் கேடயத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே தோள் குலுங்கச் சிரித்தார். நானும் அழுகையோடு சிரித்துவிட்டேன்.